பின்கதவில் கேமரா இல்லை

கல்லூரியின் மாணவர் ஆதரவு மையத்து நடைக்கூடத்தை இரண்டாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் சாவியக்கா. முதல் தடவை பினாயில், இரண்டாம் தடவை வெறும் தண்ணீர். பினாயில் வாசனை மாணவர்களுக்கு ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துகிறது என்று ஆலோசகர் மேடம் சொன்னதிலிருந்து இந்த இரட்டை வேலை. சுவர் நெடுகக் கண்ணாடி போட்ட படங்கள். ஒன்றில் நாலு பிள்ளைகள் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள், கீழே 'நீ தனியாக இல்லை' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'பாதுகாப்பான வளாகம், தலைமை ஏற்கும் இளைஞர்'. வாரத்துக்கு இரண்டு முறை அந்தக் கண்ணாடிகளையும் அவள்தான் துடைக்க வேண்டும்.

மையத்தின் பின்கதவைக் காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஆறுக்குப் பூட்டுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயரை ஒப்பந்தக் கம்பெனியின் வருகைப் பட்டியல் மட்டும் வைத்திருந்தது. புருஷனும் அதே கம்பெனிதான். இவளுக்கு நீலச் சட்டை, அவனுக்குக் காக்கிச் சட்டை, நூலகத்துப் பின்வாசலில் காவல்.

வாளியும் கையுமாக நூலகத்துப் பக்கமிருந்து, எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடுகிறவள் வந்தாள். அவளும் துப்புரவு வேலைதான். எங்கே வம்பு என்றாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"உனக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னே எனக்குப் புரியல," என்று ஆரம்பித்தாள். "தெரியாம இருக்காது. வீட்டுக்காரர் சமாச்சாரமாச்சே."

"சுத்தி வளைக்காம சொல்லு. எனக்கு இன்னும் மூணு அறை இருக்கு."

"முந்தாநாள் நாலு மணிக்கு மழை பெஞ்சுதுல்ல? உன் வீட்டுக்காரர் வாசலை விட்டுட்டு ஒரு பொண்ணைக் குடைக்குள்ள வச்சுக் கூட்டிட்டுப் போறது கேமராவுல விழுந்திருக்கு. இந்தக் கட்டடத்துப் பின்பக்கம் வரைக்கும் தெரியுதாம். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. முப்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சு ஆள் மட்டும் தனியா வர்றாராம்."

"பொண்ணுன்னா?"

"படிக்கிற பொண்ணு. குடை மறைக்குது, முகம் தெரியல. நானா ஒண்ணும் சொல்லலம்மா. கேமரா அறை பெருக்குறவ பார்த்துட்டுச் சொன்னது."

கட்டடத்தின் பின்பக்கம் கேமரா கிடையாது. ஆலோசனைக்கு வருகிற மாணவர்கள் யார் கண்ணிலும் படாமல் வந்துபோக வேண்டும் என்று மையமே கேட்டு எடுக்கச் சொன்னது. சாவியக்காவுக்கு அது தெரியும். துடைக்கிற துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

விஷயம் வெளிவந்த விதமும் ரேடியோ வாயிலிருந்தே வந்தது. தலைமைப் பயிற்சித் திட்டத்துப் பிள்ளைகள் அன்றைக்குக் கையில் காகிதத்தோடு வளாகத்தைச் சுற்றி வந்திருக்கிறார்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் பூட்டு வேலை செய்யவில்லை என்று குறிப்பது அவர்கள் பாடம். 'நூலகப் பின்வாசல், 4.10, காவலர் இல்லை' என்று ஒரு வரி விழுந்தது. அதற்குப் பிறகு கேமராவைப் பார்த்தார்கள். காவல் கூண்டில் இருக்கிற நோட்டையும் பார்த்தார்கள். இடத்தை விட்டு நகர்கிற காவலாளி நேரத்தையும் காரணத்தையும் அதில் எழுத வேண்டும். சாவியக்காவின் புருஷன், 'பாத்ரூம்' என்று எழுதியிருந்தான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது கையில் கம்பெனிக் கடிதம் இருந்தது. விசாரணை முடியும்வரை வேலை இல்லை. மறுநாள், வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு விசாரணை. மாணவியிடம் முறைகேடு என்று தீர்ப்பானால் அது கோப்பில் ஏறும். அப்படி ஏறிய ஆளை எந்தக் கம்பெனியும் பழைய இரும்புக் கிடங்குக்குக்கூடக் காவல் போடாது. எட்டாவது படிக்கிற மகளைத் துணி எடுத்துவர மாடிக்கு அனுப்பிவிட்டு, சாவியக்கா கதவைச் சாத்தினாள்.

"முப்பத்தஞ்சு நிமிஷமாவா பாத்ரூம்?"

"வயித்துக்குச் சரியில்ல."

"குடையைப் பிடிச்சுக்கிட்டா? பக்கத்துல ஒரு பொண்ணை வச்சுக்கிட்டா?"

அவன் பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தான். வைத்ததை நேராக்கினான். "தப்பா ஒண்ணும் நடக்கல. இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"யாரு அவ?"

"அதைச் சொல்லக் கூடாது. பயிற்சியில சொல்லியிருக்காங்க. வீட்டுல கூடச் சொல்லக் கூடாதுன்னு."

நாலு மாதத்துக்கு முன்பு மையம் காவலாளிகளுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தது. மற்றவர்கள் கடைசி வரிசையில் தூங்கி வழிந்தபோது இவன் முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டான். மாணவர் யாராவது தவித்துக்கொண்டிருந்தால் மையத்துக்கு அழைத்து வா, தனியாக விடாதே, பெயரைக் கேட்காதே, எந்த நோட்டிலும் எழுதாதே, யாரிடமும் சொல்லாதே. கம்பெனி நோட்டோ காரணம் எழுதாமல் நகரக் கூடாது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன், இதுவரை யாருமே கேள்வி கேட்காத ஒரு காரணத்தை எழுதிவிட்டான். விதியை எழுத்துப் பிசகாமல் பார்த்து நடக்கிறவர்களுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் இப்படித்தான் கேவலமாகச் சொல்வார்கள்.

அவள் அப்போது அதை நம்பவில்லை. பதினைந்து வருஷத்தில் அவன் மறைத்தது ஒன்றும் கிடையாது, அதனாலேயே இந்த ஒன்றை அவளால் விட முடியவில்லை. அவன் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்தாள். வியர்வையும் ஈரத்துணி நாற்றமும்தான். போனை எடுத்துப் பார்த்தாள். அவள், சூப்பர்வைசர், மகளின் பள்ளிக்கூடம், இன்னொரு காவலாளி. மொத்தமே அந்த நாலு எண்கள். அதற்கும் சந்தேகப்பட்டாள். இத்தனை சுத்தமாக ஒருத்தன் போன் இருக்குமா?

அவன் தலை துவட்டிக்கொண்டு வந்ததும் சொல்லியேவிட்டாள். "நமக்கும் ஒரு பொண்ணு வளர்றா. அதை மறந்துடாதீங்க."

அவன் துண்டைப் பிடித்தபடி நின்றான். ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பின்கதவைத் திறந்து படியைக் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது, சாவியக்காவின் கை அப்படியே நின்றது.

அந்த மழை நாளில், ஊழியர் கூட்டத்துக்கு டீ கொடுத்துவிட்டு வந்து, நாலே முக்காலுக்கு இந்தப் படியை அவள் துடைத்திருந்தாள். களிமண் அப்பிய இரண்டு பூட்ஸ் தடங்கள், கதவைப் பார்த்தபடி, பக்கத்தில் பக்கத்தில். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றால்தான் களிமண் அப்படி வட்டமாகக் கரைந்து இறங்கும். பக்கத்தில் குடை விளிம்பு வடித்த தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே ஒரு பூட்ஸ் தடம்கூடக் கிடையாது. உள்ளே போனவை சின்னத் தடங்கள். அவை உள்ளறைவரை போயிருந்தன. அங்கே நாற்காலிக்குக் கீழே நனைந்த பச்சைத் துணி ஷூ ஒரு ஜோடி கிடந்தது. இடது முனையில் வெள்ளைப் பெயின்ட் சொட்டியிருந்தது. நாற்காலிமேல் யாரோ கம்பளிக்குள் காலை மடக்கிச் சுருண்டிருந்தார்கள். முகத்தை அவள் பார்க்கவில்லை. வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மையத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் ஒன்றரை வருஷமாக அவளுக்கு அங்கே வருகிறவர்களெல்லாம் கால்கள்தான்.

எந்தக் கழிசடை சேற்றுக்காலோடு வந்து நின்றது என்று திட்டிக்கொண்டேதான் அன்றைக்குத் துடைத்தாள். குறுக்கே மூன்று பட்டை போட்ட புருஷன் பூட்ஸின் அந்த அடிப்பாகத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் குச்சி வைத்துச் சுரண்டிக் கழுவுகிறவள் அவள். அப்படியும் அடையாளம் தெரியவில்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூரை இல்லாத இடம். முப்பத்தைந்து நிமிஷம் மழையில் வாசலுக்கு வெளியே நின்ற மனுஷனைப் பார்த்து என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. அவன் உத்தமன் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியை அவளே பினாயில் போட்டு ஒன்று, வெறும் தண்ணீரில் ஒன்று என்று இரண்டு தடவை துடைத்திருக்கிறாள்.

ஆலோசகர் மேடம் ஒன்பதரைக்கு வந்தார். சாவியக்கா பின்னாலேயே போனாள்.

"மேடம், மழை பெஞ்ச அன்னிக்கு ஒரு பொண்ணு இங்க வந்துச்சுல்ல..."

மேடம் எழுந்துபோய்க் கதவை மெதுவாகச் சாத்தினார். "இங்க ஒருத்தர் வந்தாங்கன்னும் நான் சொல்ல முடியாது, வரலைன்னும் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்."

"பேரு வேணாம் மேடம். என் வீட்டுக்காரர் ஒரு பொண்ணைக் கொண்டாந்து விட்டுட்டு வெளிய நின்னாரு, அவ்வளவு சொன்னாப் போதும். நீங்க வர்ற வரைக்கும் காவலுக்கு நின்னிருக்காரு."

"அதுவும் வந்தாங்கன்னு சொன்ன மாதிரிதானே?" குரல் மிருதுவாகத்தான் இருந்தது. பிறகு அவர் கண் சற்றுக் குறுகியது. "நீங்க ஏன் இவ்வளவு கேக்கறீங்க? யாரையாவது பார்த்தீங்களா?"

"இல்லீங்க மேடம். தரையைத்தான் பார்த்தேன்."

"நல்லது," என்றார் மேடம். சாவியக்கா வெளியே வந்தபிறகும் அந்தப் பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு அதே கட்டடத்தின் கூட்ட அறையில் விசாரணை. மேஜையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் மாணவர் நல அதிகாரி. அவர் பக்கத்தில் ஆலோசகர் மேடம். எதிரே கம்பெனி சூப்பர்வைசரும் கேமரா அறைப் பொறுப்பாளரும். ஓரத்தில் மாணவப் பிரதிநிதியாக ஒரு பெண். தலைமைப் பயிற்சித் திட்டத்திலிருந்து மாதம் ஒருவரை இப்படி உட்கார வைப்பார்கள். சட்டையில் 'இளம் தலைவர்' என்று நீல வில்லை குத்தியிருந்தாள். சாவியக்காவின் புருஷன் சுவரோரம் நின்றான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சாவியக்கா டீத் தட்டோடு உள்ளே போனாள்.

"பொய்தான் சார், நோட்டுல எழுதினது," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு மாணவிக்கு மூச்சு முட்டிச்சு. நிக்க முடியல. இங்க கொண்டாந்து விட்டேன். உள்ள யாரும் இல்ல, எல்லாரும் கூட்டத்துக்குப் போயிருந்தாங்க. தனியா விடக் கூடாதுன்னு வாசல்ல நின்னேன்."

"யாரு அந்த மாணவி?"

"சொல்லக் கூடாது சார்."

"பாருங்க சார், பேச்சை," என்றார் சூப்பர்வைசர். "கம்பெனி மானம் போகுது."

அதிகாரி ஆலோசகர் மேடத்தைப் பார்த்தார். மேடம், காலையில் சாவியக்காவிடம் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் திரும்பச் சொன்னார்.

கேமரா பொறுப்பாளர் கை பட்டு டீ கவிழ்ந்தது. "துடைச்சிடும்மா," என்றார். சாவியக்கா துணியோடு மேஜைக்கடியில் குனிந்தாள். அதிகாரியின் கறுப்பு ஷூ. மேடத்தின் பெல்ட் வைத்த செருப்பு. அதற்கு அப்பால், ஓர நாற்காலிக்குக் கீழே, பச்சைத் துணி ஷூ. இடது முனையில் வெள்ளைப் பெயின்ட்.

துடைத்து முடித்து எழுந்தவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அறையில் ஏழு பேர். அதில் நாலு பேருக்கு உண்மை தெரியும். தெரியாத மூன்று பேர்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிஷம் சார்," என்று அந்தப் பெண் எழுந்து வெளியே போனாள். சாவியக்கா அழுக்குத் துணியை அலசப் போகிறவள் மாதிரி பின்னால் போனாள்.

கழிப்பறையில் அந்தப் பெண் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உன் முகம் தெரியாது கண்ணு," என்றாள் சாவியக்கா. "ஷூ தெரியும்."

பெண் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "அவரு உங்களுக்கு..."

"புருஷன்."

"மேடம் கேட்டாங்கக்கா, சொல்லட்டுமான்னு. நான்தான் வேணாம்னுட்டேன். மேடத்தோட நின்னாப் பரவாயில்ல. ஆபீஸ் காதுக்குப் போச்சுன்னா பாதுகாப்பு விடுப்புன்னு பேர் வச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. போன வருஷம் எங்க வகுப்புல ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினாங்க. டாக்டர் சர்டிபிகேட்டோட வான்னாங்க. அவ வரவே இல்ல. எங்க வீட்டுல என்னைப் படிக்க விட்டதே பெரிசு. ஒரு தடவை திரும்பிப் போனேன்னா அடுத்த மாசம் கல்யாணம்."

"இந்தக் கூட்டத்துக்கு வரமாட்டேன்னாவது சொல்லியிருக்கலாமே."

"காரணம் கேப்பாங்க."

அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது சாவியக்காவுக்கு. இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவங்கப்பாவைப் பத்தி நாளைக்கு நாலு பேரு அவகிட்ட என்ன சொல்லுவாங்க, யோசிச்சியா?"

"யோசிச்சேன்க்கா. ரெண்டு நாளா அதைத்தான் யோசிக்கறேன்."

சாவியக்கா குழாயை மூடினாள். இருவரும் தனித்தனியாகத் திரும்பினார்கள்.

உள்ளே தட்டை எடுக்கிற சாக்கில் நின்றவள், எடுக்காமல் வாயைத் திறந்தாள். "சார், நான் ஒண்ணு சொல்லணும். இவரு சொல்றது நிஜம். வாசப்படியில இவரு பூட்ஸ் தடம் இருந்துச்சு. வெளியில மட்டும். உள்ள ஒரு அடிகூட வைக்கல. நான்தான் துடைச்சேன்."

"இப்ப அந்தத் தடம் எங்க?"

"அதான் துடைச்சிட்டேனே சார்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். சாவியக்காவுக்குக் காது சூடேறியது. "அந்தப் பொண்ணு இருந்ததையும் பார்த்தேன்," என்றாள்.

ஆலோசகர் மேடம் தலையைத் தூக்கினார். "உங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்கோம், ஞாபகம் இருக்கா?"

"இருங்க மேடம்," என்றார் அதிகாரி. "யாருன்னு சொல்லும்மா. அந்தப் பொண்ணு வந்து ஆமான்னு சொன்னா இதோட முடிஞ்சுது. உன் புருஷன் திங்கக்கிழமை வேலைக்கு வரலாம்."

ஓர நாற்காலியில் பச்சை ஷூ இரண்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டன. நாக்கு நுனியில்தான் இருந்தது. விரலை நீட்டினால்கூடப் போதும்.

"வேணாம்," என்றான் புருஷன். சத்தமாகச் சொல்லவில்லை. "சொல்லாத."

அதிகாரி அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓகோ. ரெண்டு பேரும் வீட்டிலேயே பேசி வச்சுட்டு வந்திருக்கீங்க."

சாவியக்கா புருஷன் முகத்தைப் பார்த்தாள். நேற்று துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம். அதை இன்னொரு தடவை அப்படிப் பார்க்க அவளால் முடியவில்லை.

"முகம் பார்க்கலீங்க சார்," என்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். பேசியதை வரிவரியாகச் சொன்னார். மாணவப் பிரதிநிதி எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும், "எழுந்து வாசிங்கம்மா. மாணவர் குரல்லதான் இது பதிவாகணும், இந்தத் திட்டத்தோட நோக்கமே அதுதான்," என்றார்.

அவள் எழுந்து நின்றாள். முதுகை நிமிர்த்தி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடம் விட்டு வாசித்தாள். காவலர் பணியிடத்தை விட்டு அகன்றதை ஒப்புக்கொண்டார். பதிவேட்டில் பொய்யான காரணம் எழுதியதை ஒப்புக்கொண்டார். அவருடைய மனைவி மையத்தின் ரகசிய விதியை மீறியது பற்றித் தனியாக விசாரிக்கப்படும். காவலரின் விளக்கத்தை உறுதிப்படுத்த எந்த மாணவியும் முன்...

அதோடு நின்றது. காகிதம் ஆடியது. தோள் ஏறி ஏறி இறங்க, காற்று மட்டும் உள்ளே போகாதவள் போல வாயைத் திறந்தாள். உதடு வெளுத்துவிட்டது.

"பதற்றப்படாம வாசிங்க," என்றார் அதிகாரி.

அது பதற்றம் இல்லை என்பது சுவரோரம் நின்றவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மேஜையிலிருந்த தண்ணீர்க் கிளாஸை எடுத்துக்கொண்டு இரண்டே எட்டில் அவளிடம் போனான். "உக்காரும்மா. வாயை மூடு, மூக்கால இழு. நாலு எண்ணு, நான் எண்றேன் பாரு, ஒண்ணு..."

சூப்பர்வைசர் பாய்ந்து அவன் கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினார். கிளாஸ் உருண்டது. "யோவ், அந்தப் பொண்ணுகிட்டப் போகாத."

"எங்க முன்னாடியே பாருங்க," என்றார் அதிகாரி. கேமரா பொறுப்பாளர் எழுந்து அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். "ரெண்டு எண்ணும்மா," என்று கதவருகே போகும்போதும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். இருவருமாக அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஆலோசகர் மேடம் மேஜையில் இருந்த பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதிகாரியே இன்னொரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"பயப்படாதீங்கம்மா," என்றார், பெற்ற தகப்பன் மாதிரி. "அவனை வெளிய அனுப்பியாச்சு. இனிமே அவன் உள்ள வரவே மாட்டான்."

அவள் மூக்கால் மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். சாவியக்கா முழங்காலிட்டுக் கொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே அந்தக் குரல் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது.